செத்த புழுவிலிருந்து அடுத்த புழுவுக்கு: பூச்சி கொல்லும் பூஞ்சைகள் பெருகிப் பரவும் வழி, படிப்படியாக

இலை விளிம்பில் ஒரு புழு அசையாமல் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மேய்வது போலத்தான் தெரியும். ஈர்க்குச்சியால் தட்டிப் பாருங்கள். நெளியாது, சுருளாது, காய்ந்த குச்சி போல அப்படியே விறைத்து நிற்கும். இரண்டு விரலால் அழுத்தினால் சாறு வராது, சாக்பீஸ் மாதிரி ஒடியும். ஒடிந்த இடத்தில் குடலும் இல்லை, கொழுப்பும் இல்லை. உள்ளே முழுக்க வெள்ளையாக, பஞ்சை அடைத்து இறுக்கியது போல இருக்கும். புழுவின் தோல் மட்டும்தான் புழு. மற்றதெல்லாம் பூஞ்சை.

இந்தப் புழு எப்படிச் செத்தது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கதை. செத்த பிறகு அந்த உடலில் நடப்பதுதான் மீதி. புழுவைக் கொன்றும் அதன் உடலை விட்டு வெளியே வர முடியாமல் போனால் பூஞ்சைக்கு எந்த லாபமும் இல்லை. அதன் வம்சம் அந்தத் தோலுக்குள்ளேயே முடிந்துவிடும். கீழே வரும் படிகளைப் படிக்கும்போது இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். புழுக்களைத் தாக்கும் பூஞ்சைகளை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பது வசதி. முதல் கூட்டம் பொடி வித்துக்காரர்கள் (வித்து என்பது பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய ஸ்போர்): வெள்ளையாகப் பூக்கும் பவேரியா பேசியானா, பச்சையாகப் பூக்கும் மெட்டாரைசியம். மெட்டாரைசியத்தில் ரிலேயி என்ற இனம் ஏறக்குறைய அந்துப்பூச்சிப் புழுக்களையே நம்பிப் பிழைப்பது. பழைய நூல்களில் அது நோமுரேயா ரிலேயி என்ற பெயரில் இருக்கும். இரண்டாம் கூட்டம் வித்தைச் சுட்டு எறிபவர்கள்: என்டமோஃபேகா, சூஃப்தோரா முதலியவை. மூன்றாவது, செத்த உடலிலிருந்து காம்பு நீட்டிக் காளான் போல வளரும் கார்டிசெப்ஸ் வகையறா. மூன்று கூட்டத்துக்கும் உள்ளே நுழைவது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. வெளியே வருவதில்தான் ஆளுக்கொரு வித்தை.

படி 1: ஒட்டிக்கொள்வது

வைரஸும் பாக்டீரியாவும் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் உள்ளே போகும். இலையோடு சேர்த்துப் புழு அவற்றைத் தின்றாக வேண்டும். பூஞ்சைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தோலில் பட்டாலே போதும். அதனால்தான் இலையைத் தின்னாமல் சும்மா ஊர்ந்து போகிற புழுவும், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகிற புழுவும் இதில் மாட்டுகின்றன.

பவேரியாவின் வித்து உருண்டை. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் பருமனில் இருபதுக்கும் மேற்பட்ட வித்துகளை வரிசையாக வைக்கலாம். மெட்டாரைசியம் அனிசோப்ளியேயின் வித்து சற்று நீளம், குட்டி உருளை. இரண்டின் மேலும் தண்ணீர் ஒட்டாத ஒரு புரதப் பூச்சு இருக்கிறது. புழுவின் தோலும் மெழுகு பூசியது, தண்ணீர் ஒட்டாதது. தண்ணீரை வெறுக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முதல் பிடிப்பு அவ்வளவுதான்; அப்புறம் வித்து தன் ஒட்டுப் புரதங்களை வைத்துப் பிடியை இறுக்குகிறது. (இந்தப் பூஞ்சைப் பொடியை வெறும் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கலங்காமல் மேலேயே மிதக்கிறதே, அதற்கும் இதே பூச்சுதான் காரணம். இரண்டு சொட்டு ஒட்டும் திரவம் சேர்த்தால் கலந்துவிடும்.)

புழுவின் உடலில் எல்லா இடமும் ஒன்றல்ல. உடலின் வளையங்களான கண்டங்களுக்கு இடையிலுள்ள மடிப்புகளில் தோல் மெல்லியது, ஈரமும் தங்கும், வெயிலும் படாது. வயிற்றடியில் இருக்கும் போலிக்கால்கள் இலைமேல் கிடக்கும் வித்தை நடக்க நடக்கக் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொள்ளும்.

படி 2: முளைத்துத் துளைப்பது

இங்கே ஒரு பந்தயம் ஓடுகிறது. 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் வித்து முளைக்க அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். தோலைத் துளைத்து உள்ளே போக மேலும் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் புழு தோலுரித்துவிட்டால் ஒட்டியிருந்த வித்துகள் பழைய சட்டையோடு போய்விடும். புழு தப்பித்தது. தோலுரிப்பதற்குச் சற்று முன் வித்து பட்ட புழுக்களில் சாவு குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

முளைத்த வித்து ஒரு சின்னக் குழாயை நீட்டுகிறது. வாகான இடம் கிடைத்ததும் அந்தக் குழாயின் நுனி வீங்கித் தோலோடு தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அப்ரசோரியம் என்பது இதன் பெயர். வித்துக்குள் சேமித்து வைத்திருந்த கொழுப்பு கிளிசராலாக மாற, அது தண்ணீரை இழுத்து உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஓர் ஆணி இறங்கும். முரட்டுத்தனம் மட்டும் போதாது. மெழுகைக் கரைக்கக் கொழுப்பு நொதிகள், புரதத்தை அறுக்கப் புரத நொதிகள், கடைசியாகத் தோலுக்கு உறுதி தரும் கைட்டினை அரிக்கக் கைட்டின் நொதிகள் என்று அடுக்கடுக்காக இறக்குகிறது. ஆணி தோலைக் கடந்துவிட்டால் பந்தயம் பூஞ்சைக்குத்தான்.

கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இந்தக் கட்டத்தை உயிரோடிருக்கும் புழுவிலேயே பார்க்கலாம். துளைத்த இடங்களில் தோல் கறுத்துச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். அது பூஞ்சையின் நிறம் அல்ல. புழு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அங்கே கொட்டிய மெலனின் என்ற கறுப்பு நிறமி.

படி 3: உடலுக்குள் பெருகுவது

உள்ளே போனதும் பூஞ்சை தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. நீள இழையாக வளராமல், ஈஸ்ட் போலக் குட்டைக் குட்டையான தனி உயிரணுக்களாக உடைந்து புழுவின் இரத்தத்தில் மிதக்கத் தொடங்கும். ஒன்று பிரிந்து இரண்டு, இரண்டு நான்கு. பூச்சிகளின் இரத்தம் குழாய்க்குள் ஓடுவதில்லை, உறுப்புகளைச் சுற்றித் திறந்த குழியில் நிற்கிறது. எனவே எங்கே ஓரிடத்தில் நுழைந்தாலும் முழு உடலும் கைவசம்.

புழுவின் இரத்த அணுக்கள் அந்நியப் பொருளைக் கண்டால் சூழ்ந்து மூடும். பூஞ்சைச் சுவரில் இருக்கும் சில சர்க்கரைகளை வைத்துத்தான் அவை அடையாளம் காண்கின்றன. மெட்டாரைசியம் அந்தச் சுவரைக் கொலாஜன் போன்ற ஒரு புரதத்தால் போர்த்திக்கொள்ளும். என்டமோஃபேகா இன்னும் ஒரு படி மேல்: சுவரையே கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சவ்வு மூடிய உயிரணுவாக இரத்தத்தில் திரியும். அடையாளம் காட்டும் சுவரே இல்லை என்றால் எதை வைத்துப் பிடிப்பது?

மெட்டாரைசியம் டெஸ்ட்ரக்சின் போன்ற நச்சுகளையும் சுரக்கும். அவை தசையைத் தளர்த்தும், எதிர்ப்பையும் மட்டுப்படுத்தும். இரண்டு மூன்று நாளில் புழு மேய்வதைக் குறைத்துக்கொள்ளும், மந்தமாகும். வித்து பட்டதிலிருந்து சாவு வரை பெரும்பாலும் 4 முதல் 10 நாள். சின்னப் புழு சீக்கிரம், பெரிய புழு தாமதம். வெப்பம் குறைந்தால் இன்னும் தாமதம். ரசாயன மருந்து அடித்த மறுநாள் காலை புழுக்கள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒரு வாரம் பொறுமையைச் சோதிக்கும்.

இந்த ஒரு வாரத்திலும் நோயுற்ற புழு பக்கத்துப் புழுவுக்கு எதையும் தொற்ற வைப்பதில்லை. அதன் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

படி 4: சாகும் இடம்

எங்கே சாகிறது என்பது சில்லறை விஷயமாகத் தோன்றும். அடுத்த தலைமுறைக்கு அதுதான் முகவரி.

மெட்டாரைசியம் ரிலேயி தாக்கிய புழுக்கள் செடியின் மேற்பகுதியில், இலையைப் போலிக்கால்களால் பற்றியபடியே விறைத்துப் போகும். உயரத்திலிருந்து பொடி உதிர்ந்தால் கீழே இருக்கும் இலைகளெல்லாம் அதற்கு வயல். சூஃப்தோரா ராடிகன்ஸ் இன்னும் பத்திரமானது: செத்த புழுவின் அடிவயிற்றிலிருந்து வேர் போன்ற இழைகளை இறக்கி உடலை இலையோடு சேர்த்துத் தைத்துவிடும். காற்றடித்தாலும் உடல் விழாது.

ஓக் மரங்களை மொட்டையடிக்கும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியின் புழுக்களைக் கொல்வது என்டமோஃபேகா மைமைகா. ஜப்பானிய மொழியில் அந்த அந்துப்பூச்சியின் பெயரே மைமைகா. பூஞ்சை தன் இரையின் பெயரைச் சூடிக்கொண்டிருக்கிறது. இதில் செத்த வளர்ந்த புழுக்கள் அடிமரத்தில் தலை கீழாக, நேராகத் தொங்கும். போலிக்கால்கள் பக்கவாட்டில் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கும். அதே புழு வைரஸ் நோயில் செத்தால், நடுவில் பிடித்துத் தூக்கிய கயிறு மாதிரி இரண்டு முனையும் தொங்க, தொட்டால் பழுப்பு நீராக வழிந்துவிடும். பூஞ்சையில் செத்தது காயும், நாற்றம் அடிக்காது. வைரஸிலும் பாக்டீரியாவிலும் செத்தது இளகி அழுகும். எது கொன்றது என்று லென்ஸ் இல்லாமலே முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

படி 5: வெளியே வருவது

இனிதான் இனப்பெருக்கம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

புழு செத்ததும் இரத்தத்தில் மிதந்த உயிரணுக்கள் மறுபடி இழைகளாக நீண்டு, உறுப்புகளைத் தின்று, உடலை உள்ளிருந்து அடைக்கின்றன. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சும்மா இருக்காது, செத்த உடல் அவற்றுக்கும் விருந்துதான். பவேரியா ஊஸ்போரின் என்ற சிவப்புப் பொருளைச் சுரந்து அவற்றை அடக்குகிறது. அதனால்தான் பவேரியாவில் செத்த புழு வெளுப்பதற்கு முன் சில நேரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். உடல் அழுகாமல் விறைப்பதும் இந்தக் காவலால்தான்.

அப்புறம் வெளியே ஈரம் வேண்டும். முளைப்பதற்கும் ஈரம் வேண்டும்தான், ஆனால் இலைப்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றிலும் புழுவின் தோல் மடிப்பிலும் இருக்கும் ஈரமே அதற்குப் பல நேரம் போதும். வெளியே வந்து பூப்பதற்குச் சுற்றியுள்ள காற்றே ஏறக்குறைய நிறைவுற்றிருக்க வேண்டும்: ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல், தொடர்ந்து பல மணி நேரம். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. வறண்ட நாட்களில் பூஞ்சை அடித்துப் புழுக்கள் செத்தும் நோய் பரவவில்லையே என்று குழம்புவார்கள். புழுக்கள் செத்தன, சரி, செத்தவை பூக்கவில்லை. காய்ந்த மம்மிகளாக அப்படியே தொங்குகின்றன. மழை வந்தால் அந்த மம்மிகளில் பல விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஈரம் கிடைத்தால் முதலில் கண்ட இடுக்குகளிலும் சுவாசத் துளைகளிலும் வெள்ளை இழைகள் எட்டிப் பார்க்கும். தோல் மெல்லியதாக இருக்கும் இடங்கள் இவைதானே. ஒரு நாளில் உடல் முழுதும் வெள்ளைப் பஞ்சு. பவேரியாவின் இழை முனையில் ஒரு குட்டிக் குடுவை, அதன் கழுத்து ஒரு வித்தை விட்டதும் சற்று வளைந்து வளர்ந்து மறுபக்கம் அடுத்ததை விடும். நுண்ணோக்கியில் வளைந்து வளைந்து போகும் தையல் மாதிரி தெரியும். மெட்டாரைசியம் அனிசோப்ளியே குடுவை வாயிலிருந்து வித்தின் பின் வித்தாகத் தள்ளி நீளச் சங்கிலிகளாக அடுக்கும். வெள்ளை, இரண்டொரு நாளில் பச்சையாகும். பச்சை வந்துவிட்டால் வித்து முற்றிவிட்டது. ஒரு பெரிய புழுவின் உடலில் கோடிக்கணக்கான வித்துகள் உண்டாகும். இதில் ஆண் பெண் என்று எதுவும் இல்லை, கலப்பும் இல்லை. ஒவ்வொரு வித்தும் தாயின் நகல்.

செத்த பிறகுதான் தொற்று என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அகோஸ்தினோ பாஸி. இத்தாலியின் லோதி பகுதியைச் சேர்ந்தவர். பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துச் சாகும் நோயை 1807 வாக்கில் ஆராயத் தொடங்கினார். பட்டுப்புழு வளர்ப்போர் சுண்ணாம்புக்கட்டி நோய் என்று சொல்வது இதைத்தான். வெள்ளை பூத்த உடலிலிருந்து எடுத்ததை நல்ல புழுவுக்கு மாற்றினால் நோய் வருகிறது, வெள்ளை பூக்காத உடல் அப்படித் தொற்ற வைப்பதில்லை என்று அவர் கண்டார். 1835-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு விலங்கின் நோய்க்கு நுண்ணுயிர்தான் காரணம் என்று சோதனை மூலம் காட்டியதில் முன்னோடி வேலை அது. நோய்களுக்கு நுண்ணுயிரே காரணம் என்பதை நிலைநாட்டிய பாஸ்டரும் கோக்கும் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. அந்த நோயைத் தரும் பூஞ்சைதான் பவேரியா பேசியானா; பேசியானா என்ற பெயர் அவரை நினைத்து வைத்ததுதான்.

பட்டுப்புழுக் கூடத்துக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. விறைத்த புழுவை வெளுப்பதற்கு முன் எடுத்து அப்புறப்படுத்திவிட்டால் நோய் அங்கேயே நிற்கும். ஒரு நாள் தள்ளினால் தட்டு முழுக்கப் பொடி. நானும் ஒருமுறை விறைத்த புழு ஒன்றை, சும்மா பார்க்கலாம் என்று, வளர்ப்புப் பெட்டியிலேயே விட்டுவைத்து, மூடியையும் இறுக்கி மூடி வைத்தேன். அடுத்த வாரம் அந்தப் பெட்டியில் உயிரோடு ஒன்றுகூட இல்லை.

படி 6: அடுத்த புழுவைப் பிடிப்பது

பொடி வித்துக்காரர்களின் உத்தி, அளவுக்கு அதிகமாக உண்டாக்கிக் காற்றிடம் ஒப்படைப்பது. ரிலேயியின் வித்துகள் பகலில் காற்று காய்ந்ததும் தளர்ந்து, லேசான காற்றுக்கே புகை போலப் பறக்கும். இரவில் பனி இறங்கும்போது, விழுந்த இடத்தில் முளைக்கும். உண்டாக ஈரம், பறக்க வறட்சி, முளைக்க மறுபடி ஈரம். இரவில் பனியும் பகலில் மிதமான வறட்சியும் மாறி மாறி வரும் பருவம் இந்தப் பூஞ்சைக்கு வாழ்வு.

காற்று மட்டும் வண்டியல்ல. மழைத்துளி மண்ணில் கிடக்கும் வித்தைத் தெறிக்கவிட்டுக் கீழிலைகளில் ஒட்ட வைக்கும். எறும்பு, ஒட்டுண்ணிக் குளவி, மண்ணில் துள்ளும் சின்னஞ்சிறு பூச்சிகள் எல்லாம் காலில் பொடியைச் சுமந்து போகும். உயிரோடிருக்கும் புழு செத்த புழுவின் மேல் ஏறிப் போவதே போதும். வித்து அப்பிய அந்துப்பூச்சி, துணையைத் தேடும்போது அதற்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கும். இதையே தந்திரமாக்கி, வைரமுதுகு அந்துப்பூச்சியின் ஆண்களை இனக்கவர்ச்சிப் பொறிக்குள் வரவழைத்து, சூஃப்தோரா வித்தை அப்பிவிட்டு வெளியே அனுப்பும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். பொறி கொல்வதில்லை, தபால்காரனை வேலைக்கு வைக்கிறது.

சுட்டு எறிபவர்களின் கதை வேறு. என்டமோஃபேகா, சூஃப்தோரா வித்துகள் பொடியல்ல. பவேரியாவின் வித்தைவிடப் பல மடங்கு பெரியவை, பிசுபிசுப்பும் உள்ளவை. வித்தும் அதைத் தாங்கும் காம்பும் சேரும் இடத்தில் நீரழுத்தம் ஏறி, உள்வாங்கியிருந்த சவ்வு சட்டென்று வெளிப்பக்கம் புடைக்கும். வித்து தெறித்துப் பறக்கும். செத்த புழுவை ஈரமான கண்ணாடி மூடியின் கீழ் ஓர் இரவு வைத்தால், காலையில் உடலைச் சுற்றி மங்கலான வெள்ளை வளையம் தெரியும். அத்தனையும் எறிந்த வித்துகள்.

குறி தப்பினால்? அதற்கும் வழி வைத்திருக்கிறது. இலையில் விழுந்த வித்து அங்கே புழு இல்லையென்று கண்டால், தானே முளைத்து, நுனியில் இன்னொரு வித்தை உண்டாக்கி மறுபடி சுடும். அதுவும் தப்பினால் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கையிருப்பு குறையும், வித்தும் சிறுக்கும். சூஃப்தோரா சில சமயம் சுடுவதை விட்டுவிட்டு, முடி போன்ற நீண்ட காம்பின் நுனியில் ஒட்டும் வித்து ஒன்றை நிறுத்தி வைக்கும். அவ்வழியே நடந்து போகிற புழு உரசினால் அது ஒட்டிக்கொள்ளும். சுட்டதில் ஆரம்பித்துக் கண்ணியில் முடிகிறது. இந்த வித்துகளுக்கு ஆயுள் குறைவு, வெயிலில் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் பெரும்பாலும் இரவிலும் விடிகாலையிலும் சுடுகின்றன.

படி 7: புழு இல்லாத மாதங்கள்

எந்தப் புழுவும் ஆண்டு முழுக்க இருப்பதில்லை. இடைவெளியைத் தாண்ட வேண்டும்.

என்டமோஃபேகா மைமைகா இதை அழகாகத் தீர்க்கிறது. பருவத் தொடக்கத்தில் சின்னப் புழுக்களைக் கொல்லும்போது சுடும் வித்துகளை உண்டாக்கும். உடனே பரவ அவை போதும். பருவத்தின் கடைசியில், முற்றிய புழுக்களுக்குள், வெளியே எதையும் நீட்டாமல் உடலுக்குள்ளேயே தடித்த இரட்டைச் சுவர் கொண்ட உருண்டை உறக்க வித்துகளை நிரப்பும். அடிமரத்தில் தலைகீழாகத் தொங்கும் உடல் காய்ந்து உதிர, அவை மரத்தடி மண்ணில் சேரும். அடுத்த வசந்தத்தில் முளைத்து, மரத்தில் ஏற வரும் புழுவைச் சுடும். எல்லாம் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. ஒரு பங்கு பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கும். வட அமெரிக்காவில் 1989-இல் இந்தப் பூஞ்சை பெருமளவில் தலைகாட்டியதிலிருந்து அங்கே ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் முக்கியக் காரணிகளில் ஒன்றாக இருக்கிறது.

பவேரியாவுக்கும் மெட்டாரைசியத்துக்கும் மண்ணே பத்தாயம். புற ஊதாக் கதிர் நேரடியாகப் பட்டால் இலைமேல் இருக்கும் வித்துகளில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே உயிரிழக்கும். மண்ணுக்குள் மாதக்கணக்கில் தாங்கும். மெட்டாரைசியம் வேர்களை ஒட்டியும் வாழும். பூச்சியிடமிருந்து எடுத்த நைட்ரஜனைச் செடிக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். பவேரியா சில செடிகளின் உள்திசுவிலேயே குடியிருக்கும். புழு வராத காலத்திலும் இவற்றுக்குப் பிழைப்பு உண்டு.

படி 8: கலப்பு இனப்பெருக்கம்

மேலே சொன்னதெல்லாம் நகலெடுப்பு. பவேரியாவிலும் மெட்டாரைசியத்திலும் கலப்புக்கு இரண்டு பால் வகைகள் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும், அது அரிதாகவே வாய்க்கும். அதனால் நெடுங்காலம் இவற்றுக்குக் கலப்பு உருவமே இல்லையென்று நினைத்திருந்தார்கள்; கார்டிசெப்ஸ் குடும்பத்துக் காளான்களோடு இவற்றின் உறவு பின்னால்தான் தெளிவானது.

அந்தக் குடும்பத்தில் கலப்பு வித்துக்கென்றே தனிக் கட்டுமானம் உண்டு. கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் மண்ணில் புதைந்த கூட்டுப்புழுவிலிருந்து ஆரஞ்சு நிறக் கதாயுதம் போல ஒரு காம்பை மேலே அனுப்பும். அதன் தலையில் சொரசொரப்பாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடுவையின் வாய். குடுவைக்குள் நீளப் பைகள், பைக்குள் நூல் போன்ற வித்துகள். வெளியே வந்ததும் ஒவ்வொரு நூலும் பல துண்டுகளாக உடையும்; ஒவ்வொரு துண்டும் தனி வித்தாக முளைக்க வல்லது.

இமயமலையிலும் திபெத்தியப் பீடபூமியிலும் 3000 முதல் 5000 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் யார்சா கும்பு இதற்கு நெருங்கிய உறவு. பெயருக்குப் பொருள் ‘கோடையில் புல், குளிரில் புழு’. மண்ணுக்குள் வேர் தின்று பல ஆண்டு வளரும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவை ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் கொல்கிறது. புழு மேல்மண்ணுக்கு அருகே வந்து, தலை மேலே பார்த்தபடி சாகும். பனி உருகியதும் தலையிலிருந்து ஒரே காம்பு மண்ணைக் கீறிக்கொண்டு எழும். ஆழத்தில், தலை கீழாகச் செத்திருந்தால் அந்தக் காம்பு வெளிச்சத்தையே பார்த்திருக்காது. வித்து முற்றிக் காற்றில் போவதற்கு முன்பே பெரும்பாலான காம்புகளை விலைக்காகப் பிடுங்கிவிடுகிறார்கள். பூஞ்சையின் கண்ணில் பார்த்தால் இத்தனை ஆண்டு உழைப்பும் கடைசிப் படியில் வீண்.

எப்போது கொள்ளைநோய் ஆகும்?

ஒரு புழு செத்துப் பூத்தால், அந்தப் பொடியிலிருந்து சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட புழு செத்துப் பூக்க வேண்டும். அப்போதுதான் நோய் ஏறும். புழு அடர்த்தியாக இருந்தால் சுலபம். சிதறி இருந்தால் பொடி வீணாகும். அதனால்தான் பூஞ்சைக் கொள்ளைநோய் பெரும்பாலும் பயிர் பாதி போன பிறகு வந்து நிற்கிறது. கூட்டம் சேர்ந்தாலும் புழு சும்மா இருப்பதில்லை: ஆப்பிரிக்கப் படைப்புழு நெருக்கத்தில் வளர்ந்தால் தோல் கறுத்து, நோயை அதிகம் தாங்கும். நெரிசல் வந்தால் நோய் வரும் என்று அதன் உடலுக்கே தெரியும் போல.

பயிரில் இந்தப் பூஞ்சைகளைப் பயன்படுத்துபவர்கள் மாலையில் தெளிப்பது வெயிலிலிருந்து வித்தைக் காப்பாற்றி இரவு ஈரத்தைக் கொடுக்கத்தான். இலையடியில் படும்படி தெளிக்க வேண்டும். பூசணக்கொல்லி மருந்தைப் பக்கத்து நாட்களில் அடிக்கக் கூடாது. விறைத்த புழுக்களைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும். பட்டுப்புழுக் கூடத்தில் செய்ய வேண்டியதற்கு நேர் எதிர்.

நீங்களே பார்க்க

விறைத்த புழு ஒன்றைச் சாமணத்தால் எடுங்கள். மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய காகிதத்தை விரித்து, மேலே சின்னக் கண்ணாடித் துண்டு வைத்து, அதன் மேல் புழுவை வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் பாக்டீரியா ஜெயித்துவிடும். நேர் வெயில் வேண்டாம், அறை வெளிச்சம் போதும். காலையும் மாலையும் லென்ஸால் பாருங்கள். முதலில் மடிப்புகளில் வெள்ளைக் கோடு, அப்புறம் முழுப் போர்வை, மூன்று நான்கு நாளில் நிறம். வெள்ளையாகவே நின்று மாவு போலானால் பவேரியாவாக இருக்கலாம், பச்சையானால் மெட்டாரைசியம். கண்ணாடியில் புழுவைச் சுற்றி வளையம் விழுந்தால் சுடும் கூட்டம். பொடி வந்த பிறகு மூடியைத் திறக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மூச்சிரைப்பு, ஒவ்வாமை உள்ளவர்கள் திறக்கவே வேண்டாம்.

மண்ணில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க 1980-களிலிருந்து பரவலாகப் பயன்படும் ஒரு தூண்டில் முறையும் உண்டு. ஈரமான மண்ணை டப்பாவில் போட்டு, நாலைந்து மெழுகு அந்துப்பூச்சிப் புழுக்களை விட்டு மூடிவிடுங்கள். அவை கீழேயே தங்கிவிடாமல் மண்ணைத் துளைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதற்காக, முதல் சில நாட்கள் டப்பாவைத் தினமும் ஒருமுறை கவிழ்த்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் விறைத்தவற்றை எடுத்து மேலே சொன்ன ஈரத் தட்டில் வைத்தால், அந்த மண்ணில் யார் குடியிருந்தார்கள் என்பது நிறத்தில் தெரிந்துவிடும். புழு மண்ணுக்குள் நூல் பின்னிக்கொண்டு ஒளிந்திருக்கும்; கொட்டித் தேடும்போது மெதுவாக.